இயற்கைச் சோப்புத் தொழில்: சோப் பேஸ், கோல்ட் ப்ராசஸ், ஹாட் ப்ராசஸ், ஒப்பந்தத் தயாரிப்பு – எதில் தொடங்குவது?

கையால் செய்த இயற்கைச் சோப்பை விற்க நினைப்பவர்களுக்கு இன்று நான்கு வழிகள் இருக்கின்றன. கட்டியாகக் கிடைக்கும் சோப் பேஸை வாங்கி உருக்கி, மணமும் மூலிகைப் பொடியும் சேர்த்து அச்சில் ஊற்றலாம். எண்ணெயையும் காஸ்டிக் சோடாவையும் நேரடியாகக் கலந்து, அடுப்பில் ஏற்றாமலே சோப்பாக்கி, வாரக்கணக்கில் உலரவிடலாம். இதைக் கோல்ட் ப்ராசஸ் என்கிறார்கள். அதே கலவையை வேகவைத்து விரைவில் முடிக்கலாம். அது ஹாட் ப்ராசஸ். இவை எதிலும் கை வைக்காமல், உரிமம் பெற்ற ஒரு தயாரிப்பாளரிடம் செய்யக் கொடுத்து நம் பெயரில் விற்கலாம். ஒருநாள் பயிற்சி வகுப்புகளில் பெரும்பாலும் முதல் வழியை மட்டுமே கற்றுக்கொடுத்து, அச்சுகளையும் பேஸையும் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். மற்ற வழிகளோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு பணம் போட்ட பிறகுதான் பலருக்கு வருகிறது.

தமிழ்நாட்டின் ஒரு மாவட்டத் தலைநகரிலோ அதை ஒட்டிய ஊரிலோ வசிப்பவர், ஒன்று முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை சொந்தப் பணம் போடக்கூடியவர், வீட்டில் இருவர் உழைக்க முடிந்தவர் என்று ஒருவரை எண்ணிக்கொண்டு இந்த ஒப்பீட்டைச் செய்கிறேன். அப்படிப்பட்டவர் இயற்கை என்ற சொல்லை முன்னிறுத்தி விற்பதாக இருந்தால் கோல்ட் ப்ராசஸ்தான் அவருக்குப் பொருத்தமானது என்பது என் கருத்து. ஆனால் அந்தக் கருத்துக்கு ஒரு பெரிய நிபந்தனை உண்டு. அது எண்ணெயைப் பற்றியதும் அல்ல, கைத்திறனைப் பற்றியதும் அல்ல, இடத்தையும் உரிமத்தையும் பற்றியது. அதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

காஸ்டிக் இல்லாமல் சோப்பு இல்லை

வழிகளை ஒப்பிடும் முன் ஓர் அடிப்படை தெளிவாக வேண்டும். எந்த எண்ணெயும் தானாகச் சோப்பாகாது. எண்ணெயில் உள்ள கொழுப்பு, காஸ்டிக் சோடா எனப்படும் சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தோடு வினைபுரிந்து சோப்பாகவும் கிளிசரினாகவும் பிரிகிறது. ஒவ்வோர் எண்ணெய்க்கும் தேவைப்படும் காரத்தின் அளவு வேறு. ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்கு ஏறத்தாழ 0.183 கிராம் காஸ்டிக் தேவை. கடலை எண்ணெய்க்கு 0.136 கிராம், விளக்கெண்ணெய்க்கு 0.128 கிராம் போதும். எண்ணெய் முழுவதும் வினையாற்றத் தேவையான அளவை விட ஐந்து விழுக்காடு குறைவாகக் காரத்தைச் சேர்த்தால், காரம் முழுவதும் தீர்ந்து சிறிதளவு எண்ணெய் சோப்பிலேயே மிஞ்சும். சூப்பர்ஃபேட் என்று சோப்புக்காரர்கள் சொல்வது இந்த மிச்சத்தைத்தான்.

ஆகவே "எங்கள் சோப்பில் காஸ்டிக் சோடாவே இல்லை, சோப் பேஸில் செய்தது" என்று சொல்லி விற்பவர் பாதி உண்மையைத்தான் சொல்கிறார். அந்தப் பேஸும் ஏதோ ஓர் ஆலையில் காரம் சேர்த்தே உருவானது. சரியாக அளந்து செய்து நன்றாக ஆறிய கோல்ட் ப்ராசஸ் சோப்பிலும் மீந்த காஸ்டிக் இருக்காது. இதைப் போலவே, காரம் சேர்த்து எண்ணெயில் செய்த உண்மையான சோப்பின் பிஎச் அளவு 9 முதல் 10 வரை இருக்கும். அதைத் தோலின் அளவான 5.5க்கு இறக்கினால் அது சோப்பாகவே நிற்காது. தோலின் பிஎச்சுக்குச் சமமானது என்ற வாசகத்தைக் கையால் செய்த சோப்பின் உறையில் அச்சிடுவது வாங்குபவரை ஏமாற்றுவதுதான். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், கேட்பவரிடம் எதை நேர்மையாகச் சொல்ல முடியும் என்பதும் ஒப்பீட்டில் ஓர் அளவுகோலாக இருக்க வேண்டும்.

சோப் பேஸ்: வேகமும் அதன் விலையும்

சோப் பேஸின் நல்ல பக்கத்தை மறுப்பதற்கில்லை. கையைச் சுடும் காரநீர் இல்லை. பேஸைத் துண்டுகளாக்கி, கொதிநீரில் வைத்த பாத்திரத்தில் உருக்கி, 60 முதல் 70 டிகிரிச் சூட்டில் மணம் சேர்த்துச் சிலிகான் அச்சில் ஊற்றினால் சில மணி நேரத்தில் இறுகிவிடும். மறுநாளே விற்கலாம். பத்தாயிரம் ரூபாய்க்குள் தொடங்க முடியும். கண்ணாடி போல ஒளி ஊடுருவும் சோப்பு, பூ வடிவம், பிள்ளையார் வடிவம், பெயர் பொறித்த வில்லை போன்றவற்றை இந்த முறையில்தான் அழகாகச் செய்ய முடியும். சீமந்தத்துக்கும் புதுமனைப் புகுவிழாவுக்கும் தாம்பூலப் பையில் போட 30 கிராம் வில்லைகளை இருநூறு, முந்நூறு என்று கேட்பவர்கள் பத்து நாள் முன்னால்தான் வருவார்கள்; அவர்களுக்கு ஆறு வாரம் உலர வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அந்தச் சந்தையைக் குறிவைப்பவர் வேறு எதையும் யோசிக்காமல் பேஸை எடுக்கலாம்.

சிக்கல், அதை இயற்கைச் சோப்பு என்று விற்கும்போதுதான் தொடங்குகிறது. பேஸில் என்ன இருக்கிறது என்பதை அதைத் தயாரித்தவர் தீர்மானிக்கிறார். சோடியம் ஸ்டியரேட், கிளிசரின், சார்பிட்டால், புரொபிலீன் கிளைகால் என்று பட்டியல் போகும். நுரை கூட வேண்டும் என்பதற்காக எஸ்எல்இஎஸ் என்ற செயற்கை நுரைப்பொருள் சேர்த்த பேஸ்களும் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆட்டுப்பால் பேஸ், கற்றாழை பேஸ் என்று பெயர் ஒட்டியிருந்தாலும், அதில் பாலோ கற்றாழையோ எவ்வளவு என்று கேட்டால் விற்பவருக்கே தெரியாத நிலை பல கடைகளில் உண்டு. உட்பொருள் பட்டியலையும் பகுப்பாய்வுச் சான்றையும் எழுத்தில் தராதவரிடம் பேஸ் வாங்கக் கூடாது.

மூலிகை சேர்ப்பதிலும் வரம்பு இருக்கிறது. அரைத்த பப்பாளியையோ அப்போது பறித்த கற்றாழைச் சோற்றையோ பேஸில் கலந்தால் சில வாரங்களில் பூஞ்சை பிடிக்கலாம். பச்சைப் பொருளைச் சிதைக்கும் காரம் அங்கே இல்லை, ஈரம் மட்டும் இருக்கிறது. காய்ந்த பொடியைச் சேர்த்தாலோ, பேஸ் நீர்த்திருக்கும்போது ஊற்றினால் பொடி முழுவதும் அடியில் தங்கிவிடும். ஓரளவு ஆறிப் பாயசப் பதம் வரும்வரை கிளறிய பிறகே ஊற்ற வேண்டும். கடலோர ஊர்களில் இன்னொரு தொல்லை: பேஸில் உள்ள மிகுதியான கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் சோப்பின் மேல் வியர்வை போல நீர்த்துளிகள் அரும்பும். சென்னையிலோ தூத்துக்குடியிலோ இறுகிய உடனே நெகிழித்தாளால் இறுக்கிச் சுற்றாமல் ஒரு நாள் வைத்தாலே இதைப் பார்க்கலாம். பிளாஸ்டிக்கைத் தவிர்க்கிறோம் என்பதையும் சேர்த்து விற்க நினைத்தவருக்கு இது பெரும் இடைஞ்சல்.

எல்லாவற்றையும் விட, பேஸில் தனித்தன்மை நிற்பதில்லை. ஒரே கண்காட்சியில் நான்கைந்து கடைகளில் ஒரே பேஸ், ஒரே அச்சு, ஒரே குப்பைமேனிப் பொடி இருக்கும்போது வாங்குபவர் விலையைத் தவிர வேறெதை ஒப்பிடுவார்? விலையில் போட்டியிட்டால் பேஸை மொத்தமாக வாங்குபவரே வெல்வார்.

கோல்ட் ப்ராசஸ்: உழைப்பை விடக் காத்திருப்பு பெரிது

கோல்ட் ப்ராசஸில் ஒரு சிறிய கலவையை எடுத்துப் பார்ப்போம். தேங்காய் எண்ணெய் 500 கிராம், கடலை எண்ணெய் 400 கிராம், விளக்கெண்ணெய் 100 கிராம் என்று கொண்டால், முன்னர் சொன்ன அளவுகளின்படி காஸ்டிக் 91.5, 54.4, 12.8 என்று மொத்தம் 158.7 கிராம் வருகிறது. ஐந்து விழுக்காடு குறைத்தால் 151 கிராம். இதை 300 கிராம் தண்ணீரில் கரைக்க வேண்டும். எப்போதும் தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போட வேண்டும். காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். கரைந்த சில நொடிகளில் அந்த நீர் 80 டிகிரிக்கு மேல் தானே சூடேறி, மூக்கைத் துளைக்கும் ஆவி கிளம்பும். அலுமினியப் பாத்திரத்தில் இதைச் செய்தால் பாத்திரமே அரிபட்டு, தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வெளிவரும். எவர்சில்வரோ கெட்டியான பாலிபுரொபிலீனோதான் ஏற்றது. பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இன்றி யாரும் கிட்டப் போகக் கூடாது. மேலே பட்டுவிட்டால் நிறையத் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றிக் கழுவ வேண்டும். வினிகர் ஊற்றும் பழக்கம் தவறானது. சிறு குழந்தைகள் நடமாடும் சமையலறையில் இந்த வேலையைச் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், கூடாது என்பதே.

காரநீரும் எண்ணெயும் 40 டிகிரி அளவுக்கு ஆறிய பிறகு இரண்டையும் சேர்த்துக் கைமிக்சியால் விட்டுவிட்டு அடிக்க, சில நிமிடங்களில் கலவை கெட்டிப்படத் தொடங்கும். கரண்டியிலிருந்து ஒழுகும் கலவை மேற்பரப்பில் ஒரு கோடாகத் தங்கி நின்றால் அதுவே ட்ரேஸ். மணத்தையும் பொடியையும் அப்போது சேர்த்து அச்சில் ஊற்ற வேண்டும். ஒரு நாள் கழித்துத் துண்டு போட்டு, காற்றோட்டமான தட்டுகளில் இடைவெளி விட்டு நான்கு முதல் ஆறு வாரம் அடுக்கி வைக்க வேண்டும். அந்தக் காலத்தில் மிச்சமிருந்த ஈரம் வடிந்து சோப்பு கெட்டிப்படுகிறது. கெட்டிப்பட்ட சோப்புதான் குளியலறையில் கரைந்து ஓடாமல் நாள்படும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் உலர்வது இன்னும் மெதுவாகும் என்பதால், பொங்கல் விற்பனைக்கு வேண்டியதை அக்டோபரிலேயே தொடங்கிவிட வேண்டும்.

இந்த முறையின் உண்மையான பலம் எண்ணெயைத் தேர்ந்தெடுக்கும் உரிமையில் இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்று உப்பு நீரில் குளிக்கும் ஊர்களில் பல சோப்புகள் நுரைப்பதில்லை. தேங்காய் எண்ணெயின் பங்கு அதிகமாக உள்ள சோப்பு உப்பு நீரிலும் நுரைக்கும். ஆனால் பங்கு மிகுந்தால் தோல் வறளும். முழுவதும் தேங்காய் எண்ணெயிலேயே செய்பவர்கள் சூப்பர்ஃபேட்டை இருபது விழுக்காடு வரை உயர்த்துவது அதனால்தான். விளக்கெண்ணெய் நுரையை நிலைக்க வைக்கும். பத்து விழுக்காட்டைக் கணிசமாகத் தாண்டினால் சோப்பு பிசுபிசுக்கும். வேப்பெண்ணெயின் நெடியை எந்த மணமும் முழுதாக மறைக்காது. அதை விரும்பிக் கேட்பவருக்கென்று தனி வகையாக வைத்துக்கொள்வதே நல்லது. சூரியகாந்தி எண்ணெயை மலிவு என்று அதிகம் சேர்த்தால் சில மாதங்களில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் தோன்றிச் சிக்கு வாடை அடிக்கும்.

மரச்செக்கு எண்ணெய்தான் வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். சோப்பாக மாறும்போது எண்ணெயின் பெரும்பகுதி காரத்தோடு வினைபுரிந்து வேறு பொருளாகிவிடுவதால், செக்கு எண்ணெய்க்கும் சுத்திகரித்த எண்ணெய்க்கும் இடையிலான வேறுபாடு தோலில் தெரிவதை விட உறையில்தான் அதிகம் தெரியும் என்பது என் எண்ணம். காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கம் இருப்பவர் ஆலையிலேயே நேரடியாக வாங்க முடிந்தால் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லி விற்கலாம். அது பொய் இல்லாத விளம்பரம்.

நிறத்தில் பொறுமை வேண்டும். காரம் பட்டதும் மஞ்சள் தூள் செந்நிறமாகி, உலர உலர மங்கிய பொன்னிறத்துக்கு வரும். பீட்ரூட்டின் சிவப்பு பழுப்பாகிவிடும். குப்பைமேனியின் பச்சையும் வேப்பிலையின் பச்சையும் நாளடைவில் காக்கியாகும். ஆட்டுப்பாலில் உள்ள சர்க்கரை காரச்சூட்டில் கருகிக் கலவை பழுப்பேறும். பாலை உறையவைத்துக் கட்டியாகவே காஸ்டிக்கோடு சேர்ப்பவர்கள் அதைக் குறைத்துக்கொள்கிறார்கள். இணையத்தில் பார்த்த பளிச்சென்ற இளஞ்சிவப்புச் சோப்பைக் காட்டி "இதேபோல இயற்கையாக வேண்டும்" என்று கேட்பவரிடம் இல்லை என்று சொல்லப் பழகுவதும் இந்தத் தொழிலில் ஒரு பகுதி.

கைத்தயாரிப்பு என்றால் சிறிதாகவே இருந்துவிடும் என்ற அச்சத்துக்குத் தமிழ்நாட்டிலேயே மறுப்பு இருக்கிறது. சென்னையில் ரயில்வே மருத்துவராக இருந்த வி.பி. சித்தன் 1969-இல் வீட்டளவில் தொடங்கியதுதான் மெடிமிக்ஸ். கையால் செய்வது என்பதையே அடையாளமாக வைத்து அது தென்னிந்தியா முழுவதும் பரவியது.

ஹாட் ப்ராசஸ்

இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ட்ரேஸ் வந்த கலவையைக் கொதிநீர்ப் பாத்திரத்தில் ஓரிரு மணி நேரம் வேகவைப்பதால் வினை அங்கேயே முடிந்துவிடும். ஒன்றிரண்டு வாரம் உலர்ந்தால் விற்கலாம். வெந்த பிறகு மணத்தைச் சேர்ப்பதால் விலையுயர்ந்த வெட்டிவேர் எண்ணெய் போன்றவை குறைவாகப் போதும் என்பது உண்மையான ஆதாயம். ஆனால் கலவை கெட்டியான கூழாக இருப்பதால் அச்சில் சீராக அமராது. மேற்பரப்பு கரடுமுரடாக வரும். நாட்டுத் தோற்றத்தை விரும்புபவர்களிடம் அது செல்லுபடியாகும், பரிசுப்பெட்டியில் செல்லாது. இதைத் தனித் தொழிலாக எடுப்பதை விட, கோல்ட் ப்ராசஸ் செய்பவர் அவசர ஆர்டருக்கு வைத்துக்கொள்ளும் துணை வழியாகவே நான் பார்க்கிறேன்.

பிறரிடம் செய்து வாங்குவது

நான்காவது வழியைக் கைவினை ஆர்வம் உள்ளவர்கள் கேட்டதுமே ஒதுக்கிவிடுகிறார்கள். விற்பதில் திறமை உள்ளவர்களோ இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். உரிமம் உள்ள தயாரிப்பாளர் தம்மிடம் ஏற்கெனவே உள்ள கலவையில் நம் பெயரை அச்சிட்டுக் கொடுப்பது ஒரு வகை. நம் கலவைக் குறிப்பைக் கொடுத்து அவருடைய கூடத்தில் செய்துகொள்வது இன்னொரு வகை. முதல் வகையில் செலவு குறைவு. ஆனால் அதே சோப்பு வேறு பெயர்களிலும் சந்தையில் இருக்கும். இரண்டிலும் ஒரு வகைக்கு இத்தனை என்று குறைந்தபட்ச எண்ணிக்கை கேட்பார்கள்; நூறு இருநூறில் அவர்கள் எந்திரத்தை ஓட்டுவதில்லை. இரண்டு லட்சத்துக்குள் தொடங்குபவருக்கு இந்த எண்ணிக்கைதான் சுமை, ஏனெனில் எந்த மணம் ஓடும் என்று தெரியும் முன்னே ஆயிரக்கணக்கில் சரக்கு வீட்டில் வந்து இறங்கிவிடும். நல்ல விளம்பரமும் ஏற்கெனவே வாங்கக் காத்திருக்கும் கூட்டமும் உள்ளவருக்கு அது சுமையாக இருக்காது.

ஒரு சோப்பின் கணக்கு

மேலே சொன்ன ஒரு கிலோ எண்ணெய்க் கலவைக்குத் திரும்புவோம். தேங்காய் எண்ணெய் கிலோ 400 ரூபாய், கடலை எண்ணெயும் விளக்கெண்ணெயும் 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் எண்ணெய்ச் செலவு 300 ரூபாய். காஸ்டிக் 20, லெமன்கிராஸ் எண்ணெய் 30 கிராமுக்கு 50 என்று சேர்த்தால் 370. உலர்ந்த பிறகு 100 கிராம் சோப்பு 12 கிடைக்கும். உறைக்கு ஒன்றுக்கு 8 ரூபாய் என்றால், ஒரு சோப்பு ஏறத்தாழ 39 ரூபாயில் முடிகிறது. கூலியும் வாடகையும் இதில் இல்லை. சோப் பேஸ் கிலோ 200 ரூபாய் என்று வைத்தால் பத்து சோப்பு கிடைக்கும். மணம், பொடி, உறை எல்லாம் சேர்த்து ஒன்று 32 முதல் 34 ரூபாய்க்குள் வரும். உங்கள் ஊர் விலையை இதில் போட்டுப் பார்த்தாலும் இரண்டுக்கும் உள்ள இடைவெளி பலர் நினைப்பது போலப் பெரிதாக இருக்காது.

பெரிய வேறுபாடு முடங்கும் பணத்தில்தான் இருக்கிறது. வாரம் 120 சோப்பு செய்பவர் ஆறு வாரம் உலர்த்தினால், எந்த நாளிலும் 720 சோப்பு தட்டில் இருக்கும். உறை நீங்கலாக ஒன்றுக்கு 31 ரூபாய் என்றால் 22,000 ரூபாய்க்கு மேல் அங்கே நிற்கிறது. கடைக்காரர் ஒரு மாதக் கடன் கேட்டால் அது இன்னும் ஏறும். பேஸில் செய்பவர் திங்கட்கிழமை வாங்கிய பொருளைச் சனிக்கிழமை காசாக்கிவிடலாம்.

எண்ணெய் விலை ஏறி இறங்குவதையும் பார்க்க வேண்டும். 2025-இல் தேங்காய் எண்ணெயின் சில்லறை விலை லிட்டருக்கு 400 ரூபாயைத் தாண்டியபோது சிறிய தயாரிப்பாளர்கள் பலரும் திகைத்தனர். ஆனால் கணக்குப் போட்டால், விலை 200-லிருந்து 400-க்கு இருமடங்கானாலும் மேற்கண்ட கலவையில் ஒரு சோப்பின் மேல் ஏறுவது எட்டு ரூபாய் அளவுதான். 120 ரூபாய்க்கு விற்பவர் அதைத் தாங்கலாம். 50 ரூபாய்க்கு விற்பவரால் முடியாது. குறைந்த விலையில் தொடங்கிப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்ற திட்டத்தை நான் பரிந்துரைக்காததற்கு இதுவே காரணம். இயற்கை அங்காடிகள் முப்பது முதல் நாற்பது விழுக்காடு வரை கழிவு கேட்கும். 120 ரூபாய்ச் சோப்பில் 35 விழுக்காடு போனால் கைக்கு வருவது 78. அதில் பொருட்செலவு போக மிஞ்சும் 39 ரூபாயில்தான் உழைப்பு, வாடகை, போக்குவரத்து, உரிமக் கட்டணம் எல்லாம் அடங்க வேண்டும்.

வரியைப் பொறுத்தவரை நிலைமை முன்பை விட நன்று. குளியல் சோப்புக் கட்டிகளுக்கு இருந்த 18 விழுக்காடு ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 5 விழுக்காடாகக் குறைந்தது. மாநிலத்துக்குள் மட்டும் விற்று, ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் இருந்தால் பதிவே தேவையில்லை. ஆனால் பெங்களூருக்கோ கொச்சிக்கோ ஒரு கூரியர் அனுப்ப நினைத்தாலும் பதிவு வேண்டும் என்பதை முன்பே கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம். அதற்குப் பணம் கேட்கும் இணையதளங்களை நம்ப வேண்டாம். பிஎம்இஜிபி என்ற மத்திய அரசின் தொழில் கடன் திட்டத்தில் கடன் பெறும் பெண்களுக்கு நகரத்தில் 25 விழுக்காடும் கிராமத்தில் 35 விழுக்காடும் மானியம் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். மகளிர் சுய உதவிக் குழுவில் இருப்பவருக்கு மதி அங்காடிகளும் அரசுக் கண்காட்சிகளும் கூடுதல் வாசல்.

உரிமமும் இடமும்

1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டம் தொடக்கத்தில் சோப்பைத் தன் வரையறைக்கு வெளியே விட்டிருந்தது. 1982-இல் வந்த திருத்தம் அந்த விலக்கை எடுத்துவிட்டது. இன்று குளியல் சோப்பு ஓர் அழகுசாதனப் பொருள். விற்பனைக்காகத் தயாரிக்க 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள்கள் விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் உரிமம் பெற வேண்டும். வீட்டளவில் செய்வதற்கு இதில் தனி விலக்கு கிடையாது. அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துத் தொடங்குபவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். அங்கே சோப்பு என்று மட்டும் சொல்லி விற்கும் உண்மையான சோப்பு அழகுசாதன விதிகளுக்குள் வருவதில்லை, இங்கே வருகிறது. பேஸை உருக்கி ஊற்றுவதற்கு உரிமம் வேண்டாம் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வதும் தவறு. சட்டம் தயாரிப்பு என்று சொல்வதில் மாற்றியமைப்பதும் பொதிவதும் பெயர்ச்சீட்டு ஒட்டுவதும்கூட அடங்கும். ஆக, உரிமத்தில் நான்கு வழிகளுக்கும் இடையே பெரிய சலுகை வேறுபாடு இல்லை. அதை யார் பெயரில், எந்த இடத்துக்கு வாங்குவது என்பதில்தான் வேறுபாடு.

சொந்த உரிமத்துக்குச் சி.ஓ.எஸ்-5 படிவத்தில் விண்ணப்பித்தால் சி.ஓ.எஸ்-8 உரிமம் வழங்கப்படும். தயாரிப்புக்குத் தனி இடம், நல்ல தரை, காற்றோட்டம், நீர், பதிவேடுகள் ஆகியவற்றோடு, மருந்தியல் பட்டயம் பெற்றவர் அல்லது வேதியியலைப் பாடமாகப் படித்தவர் போன்ற தகுதியுள்ள ஒருவரின் முழுநேர மேற்பார்வையும் வேண்டும். வீட்டில் வேதியியல் படித்த ஒருவர் இருந்தால் மாதந்தோறும் ஒருவருடைய சம்பளமே மிச்சமாகும் என்பதால், கூட்டாளியைத் தேடுபவர் இதையும் பார்க்கலாம். விதிகளில் சோப்புக்குப் பரிந்துரைக்கப்பட்டுள்ள கருவிகளின் பட்டியல் உருளை அரவை, அழுத்து எந்திரம் என்று ஆலைச் சோப்பை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கையால் செய்பவருக்கு அவை பொருந்தா. எதைத் தளர்த்துவது என்பதை உரிம அதிகாரிதான் முடிவு செய்வார்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவருக்கும் சமையலறையைத் தவிர வேறு இடம் இல்லாதவருக்கும் இந்தக் கட்டம் கடினம். அவர்களுக்கு லோன் லைசென்ஸ் என்று ஒன்று இருக்கிறது. சொந்தக் கூடம் இல்லாதவர், உரிமம் உள்ள ஒருவரின் கூடத்தைப் பயன்படுத்தித் தம் பொருளைத் தயாரித்துக்கொள்ளச் சி.ஓ.எஸ்-6 படிவத்தில் விண்ணப்பித்துச் சி.ஓ.எஸ்-9 உரிமம் பெறலாம். கலவைக் குறிப்பு நம்முடையதாகவே இருக்கும். காரம், பாத்திரம், மேற்பார்வை எல்லாம் அவர்கள் பொறுப்பு. கோல்ட் ப்ராசஸையும் ஒப்பந்தத் தயாரிப்பையும் இணைக்கும் வழி இது. பேசும்போது கலவைக் குறிப்பு யாருக்குச் சொந்தம், பழுதான சரக்கின் நட்டம் யாருடையது, ஆறு வாரம் உலர்த்தும் இடத்துக்குத் தனி வாடகையா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

உறையில் எழுதுவதிலும் கவனம் வேண்டும். தயாரிப்பாளர் பெயர், முகவரி, உட்பொருள்கள், தொகுதி (பேட்ச்) எண், தயாரித்த மாதம், நிகர எடை, எல்லா வரிகளும் அடங்கிய விலை, புகார் தொடர்பு ஆகியவை கட்டாயம். சோப்பு உலர்ந்து எடை குறையும் என்பதால் பொதியும்போது உள்ள எடை என்று குறிப்பிடச் சட்டமுறை எடையளவு விதிகள் இடம் தருகின்றன. நான்கு வாரத்திலேயே உறையிட்டு 100 கிராம் என்று எழுதுபவர்கள் இந்தச் சொல்லைச் சேர்க்காவிட்டால் சிக்கல் வரும். சிரங்கு ஆறும், படை போகும், முகப்பரு குணமாகும் என்று எழுதினால் அது மருந்துக்குரிய உரிமைகோரல். சித்த, ஆயுர்வேத மருந்தாகவே விற்க நினைத்தால் 25-டி உரிமம் பெற வேண்டும். அதன் தேவைகள் இன்னும் கூடுதல். குப்பைமேனி சேர்த்தது என்று எழுதலாம். அது என்ன செய்யும் என்பதை எழுதாமல் விடுவதே சிறிய தயாரிப்பாளருக்குப் பாதுகாப்பு.

எனவே அச்சும் எண்ணெயும் வாங்கும் முன், வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், பார்த்து வைத்திருக்கும் இடத்தின் வரைபடத்தோடு மாவட்டத்தில் உள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு ஒருமுறை போய் வருவதுதான் முதல் வேலை. அங்கே சொல்லும் மாற்றங்களுக்கு ஒரு கொத்தனாரிடமும் மின்பணியாளரிடமும் செலவு கேட்டுப் பாருங்கள். அந்தத் தொகை கையிலுள்ள பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கினால் சொந்த இடத்தில் கோல்ட் ப்ராசஸ், இரண்டு மூன்று வகைகளோடு தொடங்கலாம். அதற்கு மேல் போனால் முதல் ஆண்டை லோன் லைசென்ஸில் கழித்து, எந்த வகை ஓடுகிறது என்று தெரிந்த பிறகு இடத்தில் பணம் போடலாம்.